ஒயர் இல்லாத போன்

நூற்பாலையை மூடிய பிறகு, வேலை இழந்த பெண்களுக்குக் கால் சென்டர் வேலை பழக்கினார்கள். மேசையில் இருந்த போன் எதற்கும் ஒயர் கிடையாது. ரிசீவரைக் காதில் வைத்து, இல்லாத வாடிக்கையாளரிடம் பேசிப் பழக வேண்டும். "அவங்க போன வைக்காம நாம வைக்கக் கூடாது. வெச்சா வேலை போச்சு" என்பதுதான் பயிற்சியாளர் மகுடபதி சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

கடைசி நாள் தேர்வில் ஜெசிந்தா ரிசீவரை எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்றாள்.

"அக்கா, ஷிப்ட் முடியற சங்கு ஊதிட்டாங்களா?" என்றது ஒரு பெண் குரல். அதன் பின்னால் நூல் நூற்கும் கதிர்கள் ஓடும் இரைச்சல். "எங்களுக்குக் கேக்கவே இல்லீங்க்கா. இன்னும் ஓட்டிட்டுத்தான் இருக்கோம்."

அது ஜெசிந்தாவின் மில் இரைச்சல். மில்லை இடித்த இடத்தில் இப்போது கருவேலம் முளைத்திருந்தது.

"என்னமா நடிக்கிறா பாரு, மூஞ்சியெல்லாம் வேர்க்குது!" என்று பக்கத்து நாற்காலி சகாயமேரி சிரித்தாள்.

மகுடபதி கைதட்டினார். "பாஸ் பண்ணிட்டீங்கம்மா. வெச்சிட்டு வாங்க, வேன் கிளம்புது. இன்னிக்கே வந்து சேரலேன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

எல்லோரும் ஓடினார்கள். வெளியே ஹாரன் அடித்தது.

"கை ஓஞ்சு போச்சுங்க்கா" என்றது குரல். "நீங்க சொன்னா நிறுத்திடறோம்."

நிறுத்தச் சொல்ல ஜெசிந்தா வாயைத் திறந்தாள். நிறுத்திவிட்டு அவர்கள் எங்கே போவார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுபடியும் ஹாரன் அடித்தது. அவள் நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அங்க எத்தனை பேர் இருக்கீங்க, கண்ணு?"