சிவசங்கரி சுவரைப் பார்க்கிறாள்

பட்டறைக் கூரையின் கண்ணாடி ஓட்டுவழி இறங்கும் வெயில், பிளாஸ்டர் அச்சின் இன்னும் கழற்றாத கடைசிப் பாதியின் மேல் விழுகிறது. அதனுள்ளே பீங்கான் பாலிடெக்னிக்கின் இறுதியாண்டு புராஜெக்ட், ஒரு வெஸ்டர்ன் கழிப்பறைக் கோப்பையாக ஈரத்தோடு அமர்ந்திருக்கிறது. குழுத் தலைவி சிவசங்கரி எல்லாரையும் ஒரே மாதிரி அதட்டி வேலை வாங்கியதில், முன்பு வார்த்த இரண்டும் விரிசல் விட்டு மூலையில் கிடக்கின்றன. இதுவும் விரிசல் விட்டால் குழுவின் மூவரும் பெயில். "டேய் விருத்தா, சோறுதானே துன்ற? பலகைய ஒழுங்கா புடிடா!" திட்டு விழுந்தால்தான் விருத்தகிரிக்குக் கை நிற்கும். வாங்கிக்கொண்ட திருப்தியில் அச்சின் அடிப்பலகையைப் பாறையாகப் பிடிக்கிறான். அச்சைத் தூக்கவேண்டியவன் நிலவன். யாராவது பார்த்தாலே அவனுக்குக் கை உதறும். இந்த முறை சிவசங்கரி அவனை அதட்டவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்து நிற்கிறாள். சுவரில் ஒரு பல்லி நிலவனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. துப்பட்டாவை வீசி அதையும் விரட்டுகிறாள். பின்னால் பிளாஸ்டர் மெல்ல உரசும் சத்தம். பிறகு அதுவும் இல்லை. துப்பட்டா நுனி அவள் விரலில் இறுகுகிறது. "ஆச்சாடா? ஏதாவது சொல்லுங்கடா, நெஞ்ச அடைக்குது." "திரும்பு சங்கரி," என்கிறான் நிலவன், நடுங்காத குரலில். ஒரு கீறலும் இல்லாமல், வெயிலில் ஈரம் மின்ன, கோப்பை முழுசாக நிற்கிறது. அவள் மூச்சு விடுகிறாள். பலகையடியிலிருந்து விருத்தகிரியின் குரல் வருகிறது: "நான் இன்னும் புடிச்சிக்கினுதான் இருக்கேன். வுடச் சொல்லித் திட்டு." சிவசங்கரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆசை தீரத் திட்டுகிறாள்.