இன்பராசாவின் கடைசிப் பாட்டு

தொண்டையில் ஒப்பரேஷன் செய்தபின் பாடகர் இன்பராசாவுக்குப் பாடக் குரலே இல்லை. மேடையில் பழைய கசெட் பாடும். அவர் மைக்கைப் பிடித்து வாயசைப்பார். அது தெரிந்தவன் சவுண்ட் பார்க்கும் கருணைநாதன் மட்டும்தான்.

ஒரு காலத்தில் அவனும் அவரிடம் பாட வாய்ப்புக் கேட்டிருக்கிறான். "உமக்குப் பாட்டு வராது. போய் வயர் இழும்" என்று எல்லார் முன்னிலையிலும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவன் மறக்கவில்லை.

1991 மார்கழியில், லண்டன் ஹரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அவருடைய பிரியாவிடைக் கச்சேரி. சனம் நிரம்பி வழிந்தது. அவரைப் பேர்பெற வைத்த காதல் பாட்டின் நடுவில், மண்டபத்தின் பின்பக்கம் இருந்த கருணைநாதன் கசெட்டை நிறுத்தி, வெளியே எடுத்தான்.

"இப்ப பாடு பாப்பம்" என்று முணுமுணுத்தான்.

இசை நின்றது. குரல் நிற்கவில்லை.

இன்பராசா வாயை மூடிக்கொண்டு கதிரையில் அமர்ந்து, அவனையே பார்த்தார். முன்வரிசை திரும்பியது. பிறகு மண்டபமே திரும்பியது. தேத்தண்ணி கொண்டுவந்த ரதி திகைத்துப்போய் நின்றாள்.

"அண்ணை, நீங்களே பாடுறியள்?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அடுத்த வரி வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். இன்பராசாவின் குரல் விரலிடுக்கால் ஒழுகியது.

பாட்டு முடிந்ததும் சனம் எழும்பி நின்று கைதட்டியது.

"ஒன்ஸ் மோர்!"

கருணைநாதன் மேடையைப் பார்த்துக் கும்பிட்டான். இன்பராசா கைகளைக் கட்டிக்கொண்டு, சனத்துக்கு ஓம் என்று தலையாட்டினார்.

கருணைநாதனின் வாய் திறந்தது.