சும்மா கொடுத்த சீடி

“உந்தக் கேமை ஆரடா செய்தது?”

தோட்ட மேனேஜர் இரகுநாதன் துரை சீடியை மேசையில் ஓங்கிப் போட்டார். ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது.

தோட்டத்து ஆபீஸில் கம்ப்யூட்டர் அடிக்கும் துஷாந்த் நாற்காலியை விட்டு எழுந்தான். ஹல்துமுல்லைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைக்கு ஆபீஸ் நாற்காலி கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? இன்றோடு அது போச்சு.

“நான்தாங்க தொரை. ஆனா நான் மட்டும் இல்லீங்க.”

பொய்யில்லை. எவனோ வெள்ளைக்காரன் இலவசமாக விட்டிருந்த ஆப்பிள் பறிக்கும் கேமைத்தான் துஷாந்த் தேயிலைக் கொழுந்து பறிக்கும் கேமாக மாற்றினான். சீடி கைக்கு வந்தவர் தன் பங்குக்கு எதையாவது சேர்த்து, அடுத்தவருக்குச் சும்மா கொடுக்க வேண்டும். ஊவா மாகாணத்தில் எல்லாரும் மதித்த சட்டம் அது ஒன்றுதான்.

“அதுக்குள்ள ரத்தம் குடிக்கிற அட்டையை விட்டது ஆர்?”

“வெலிமடை அலவிங்க.”

“என்ர ஜீப்பைப் பள்ளத்தில கவிழ்த்தது?”

“தெமோதரை லதுஷா டீச்சருங்க.”

“என்ர வயித்தைப் படத்தில இவ்வளவு பெரிசாக் கீறினது?”

“நான்தாங்க. அளவு எங்கம்மா சொன்னதுங்க.”

சனியன் பிடித்த வாய், அம்மாவை ஏன் இழுத்தோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். போன ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலைக் கம்ப்யூட்டரில் லயத்துப் பெண்கள் எல்லாரும் ஆடிப் பார்த்தார்கள். அட்டையைக் கண்டு அலறினார்கள், துரையின் வயிற்றைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேமில் கொழுந்து நிறுக்கும் தராசைப் பற்றி மட்டும் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

துரை மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். மீசை துடித்தது. துஷாந்த் ஆபீஸ் அலுமாரிச் சாவியை எடுத்து நீட்டிவிட்டான், எப்படியும் கேட்கத்தானே போகிறார்!

“சாவி ஆருக்கடா வேணும்? அட்டை கடிக்கட்டும், வயிறும் கிடக்கட்டும். நானும் மூண்டு நாளா விரல் தேயத் தேய மவுஸை அமத்திக் கொழுந்து பறிக்கிறன். ஒவ்வொருக்காவும் உந்தத் தராசு ரெண்டு கிலோ வெட்டுது! பகல் கொள்ளையெல்லே இது? இப்பவே மாத்தடா!”

துஷாந்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் கொழுப்பும் வந்தது.

“அது நம்ம கொழுந்து நிறுக்குற மடுவத்துல இருக்கிற தராசு அப்படியேங்க தொரை. நீங்கதான் மாத்தணும்.”