பளபளப்பில் ஒரு சிரிப்பு

“இந்தப் படகும் மங்கலா இருந்தா உனக்கு வேலை கிடையாதுன்னு முதலாளி சொல்லிட்டார்,” என்றார் மேஸ்திரி.

பாலிஷ்காரன் தலையாட்டிவிட்டு, தூங்கி வழிந்தபடி தேய்க்கத் தொடங்கினான். அப்போது பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. சாப்பாடு கொண்டுவந்த அவன் மனைவி, புது பெயின்டரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்தால் சந்தேகப் பிராணி என்று பட்டறையே கேலி செய்யும். படகின் பக்கவாட்டில் இரண்டு உருவங்கள் மங்கலாகத் தெரிந்தன. மெழுகை அப்பி அழுத்தித் தேய்த்தான். அவள் சேலையின் பூக்கள் தெரிந்தன. வயிறு எரிய இன்னும் தேய்த்தான். பல்வரிசையே தெரிந்தது. வீட்டில் ஒருநாளாவது இப்படிச் சிரித்திருப்பாளா?

இருவரும் பேசியபடியே படகின் முனைவரை நடந்தார்கள். அவனும் தேய்த்தபடியே கூட நகர்ந்தான்.

மாலையில் முதலாளி அசந்துபோனார். “கண்ணாடி மாதிரி இருக்கேப்பா.”

அவன் கை கழுவப் போனதும் மனைவி மேஸ்திரியிடம் ஓடிவந்தாள்.

“வேலை போகாதுல்ல அண்ணே? நீங்க சொன்ன மாதிரியே சிரிச்சு, வாயெல்லாம் வலிக்குது.”

“போகாது தங்கச்சி. ஆனா ஒரு பக்கம்தான் முடிஞ்சிருக்கு. நாளைக்கு பெயின்டரை அந்தப் பக்கம் அனுப்பறேன். நீயும் வந்துடு.”