அழிக்கச் சொன்னது

"ஹோ... பா... பா...!"

மலைச்சரிவிலிருந்து மாடுகளைக் கூப்பிடும் பாவாயியின் குரல், முப்பது வருடம் கழித்தும் மகன் கதிர்வேலின் காதில் அப்படியே இருந்தது. முகத்துக்குத்தான் ஒரு போட்டோ இல்லை.

போன மாதம் அவள் இறந்துபோனாள். மாலை போட ஒரு படம் வேண்டும்.

நாமக்கல்லில் ஆபீசராக இருக்கும் கதிர்வேல், கொல்லிமலை ஏறி, செம்மேட்டில் கல்யாண வீடியோ எடுக்கும் சென்றாயன் வீட்டுக்கு வந்தான்.

"ஊர்ல ஏதாவது ஒரு கல்யாணத்துல அம்மா நின்னிருப்பாங்கங்க. தேடிப் பாக்கணும்."

மேசையில் கம்ப்யூட்டர். பக்கத்தில் நீல விளக்கு மினுக்கும் மூன்று ஹார்ட் டிஸ்க் பெட்டிகள். குண்டனி, குண்டூர், எடப்புளி என்று ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டின், அதாவது மலையின் ஓர் ஊர்க்கூட்டத்தின், பெயர் ஒட்டியிருந்தது.

"எல்லாம் பழைய கல்யாணம். பண்ணிக்கிட்டவங்களே மறந்துட்டாங்க. இவரு வெச்சுக் காப்பாத்துறாரு," என்றாள் சென்றாயனின் மனைவி பிரபாவதி.

கதிர்வேலுக்குச் சுருக்கென்றது. "அடுத்தவங்க ஊட்டு விசேஷத்த நீங்க வெச்சுக்கலாமுங்களா? சிடி குடுத்ததும் அழிச்சிரணுமுங்க."

"அழிச்சிருந்தா இன்னிக்கு நீங்க எதுக்குங்க மலையேறி வாரீங்க?" சென்றாயன் சிரித்தான். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. சேந்தமங்கலத்துல ஜாபர் உசேன் பாய் கடையில புது சுவிட்சு வாங்கியாந்திருக்கேன்."

கதிர்வேல் சுவரைப் பார்த்தான். "ஃபேனுக்குங்களா?"

"இல்லீங்க! மூணு பெட்டியையும் கம்ப்யூட்டரோட கோக்குற சுவிட்சு. பழசுல படம் வர்றது, லோடு லாரி கொண்டை ஊசி வளைவு ஏறுற மாதிரி. இப்பப் பாருங்க."

திரையில் மூன்று கல்யாணங்கள் ஒரே நேரத்தில், திக்கித் திணறாமல் ஓடின. ஆளுக்கொன்றாகப் பார்த்தார்கள்.

"அதோ, பந்தியில!"

"அது எங்க பெரியாத்தாங்க."

"வாளியோட போறாங்களே, அவங்க?"

"முதுகு அம்மா மாதிரிதான் இருக்குது. திரும்பட்டும்... திரும்பட்டும்..."

திரும்பவில்லை. வாளியோடு பந்தலுக்கு வெளியே போய்விட்டாள்.

பொழுது சாய்ந்தது.

"ஏனுங்க, ஊர்க் கல்யாணத்துல எதுக்குத் தேடணும்?" என்றாள் பிரபாவதி. "சாரு கல்யாணத்தையும் நீங்கதான எடுத்தீங்க? அதுல பெத்தவங்க நின்னிருக்க மாட்டாங்களா?"

கதிர்வேல் திரையில் ஓடும் கல்யாணங்களிலேயே கண்ணை வைத்திருந்தான்.

"அந்தச் சிடியில இருக்காது புள்ள," என்றான் சென்றாயன். கொஞ்சம் தயங்கிவிட்டு, எடப்புளிப் பெட்டியில் ஒரு ஃபோல்டரைத் திறந்தான்.

‘கதிர்வேல் சார் அழிக்கச் சொன்னது.’

மணவறைக்குப் பக்கத்தில் பாவாயி. கை நிறைய அட்சதை. கேமராவைப் பார்த்து வாய் கொள்ளாத சிரிப்பு. சேலையை இழுத்துத் தோளில் முடிந்திருந்தாள். அந்தக் காலத்து மலைக்காரி, ரவிக்கை கிடையாது.

"டவுன்ல சம்பந்தி ஊட்டுச் சனம் சிடியில பாத்துச் சிரிக்கும்னு அம்மாவ வெட்டச் சொன்னீங்க. வெட்டிட்டேனுங்க. அழிக்கத்தான் மனசு வரல."

கதிர்வேல் திரைமேல் கை வைத்து விம்மி விம்மி அழுதான். படத்தை வாங்கிக்கொண்டு, சென்றாயனின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

நாமக்கல்லில், அவன் வீட்டு ஹாலில், சந்தன மாலைக்கு நடுவே பாவாயி இப்போது பச்சை ரவிக்கை போட்டிருக்கிறாள்.