பன்னிரண்டாவது மரம்

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று பத்து, பிரிக்பீல்ட்ஸில் தூறல். கணித ஆர்வலர் போட்டிக்கு வந்த ஒரு தாளை நடுவர் புனிதா நான்காம் முறையாகப் புரட்டுகிறாள். ஒன்று, ஏழு, பத்தொன்பது என வளையம் வளையமாகப் பெருகும் புள்ளிகள். மூன்றையும் கூட்டினால் இருபத்தேழு, அதாவது மூன்றின் கனம். தானே கண்டுபிடித்ததாக எழுதியிருக்கும் கமலநாதன், கேரி தீவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்து லோரி ஓட்டுநர், எதிரில் அமர்ந்து நனைந்த தொப்பியைத் திருகுகிறார். பார்த்து எழுதியதென்றால் தாள் நிராகரிக்கப்படும்.

"எந்த புக்குல பாத்தீங்க, அண்ணே?"

"புக்கா? செம்பனைய முக்கோணமாதானே நடுவாங்க, மேடம். ஒரு மரத்தச் சுத்தி ஆறு, அதுக்கு வெளிய பன்னெண்டு. லோரியில குலை ஏத்தி முடிக்கிற வரைக்கும் எண்ணிக்கிட்டு நிப்பேன் லா."

இதுவும் மனப்பாடமாக இருக்கலாம். வெளி வளையத்தில் பதினொரு புள்ளிகளே இருக்கின்றன. பன்னிரண்டாவது இடத்தில் ஒரு பெருக்கல் குறி. நகலெடுப்பவரின் கை தவறும் இடம் இப்படித்தான் இருக்கும். அதன்மேல் அவள் விரலை வைக்கிறாள்.

"இது என்ன?"

"அந்த மரம் இடி விழுந்து செத்துப்போச்சு, மேடம். குழி இருக்குல்ல, அதான் கணக்குல சேத்துக்கிட்டேன்."

எந்தப் புத்தகத்தின் படத்திலும் செத்த மரம் இருக்காது. புனிதா படிவத்தில் 'ஏற்கப்பட்டது' என்றெழுதிக் கையொப்பமிட்டு, மை காயுமுன் அவரிடம் நீட்டுகிறாள்.