பக்கத்து வீட்டுச் சரிவு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு மூன்று வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. எல்லாம் பக்கத்து வீட்டு டீச்சர் போட்ட தோட்டத்தால் வந்தது.

அது இறக்கமான தெரு. உச்சியில் அவர் வீடு, அதற்கடுத்துக் கீழே டீச்சர் வீடு. போன வருஷம் வாசல் முழுக்க சிமெண்ட் பூசி, இரண்டு கார் நிறுத்த இடம் பண்ணினார் கடைக்காரர். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. இப்போது அந்தப் பக்கம் ஒருத்தர்கூடத் திரும்புவதில்லை.

டீச்சர் வாசலில் கார் சக்கரம் ஏறும் இடத்தில் மட்டும் இரண்டு வரிசைக் கல், நடுவில் புல். சரிவில் அடுக்கடுக்காகப் பூச்செடிகள். ஓரத்தில் கூழாங்கல் நிரப்பிய கால்வாய். போகிறவர்கள் நின்று போட்டோ வேறு எடுத்தார்கள்.

"எல்லாம் என்னை மனசுல வச்சுத்தான் பண்ணியிருக்காங்க" என்றார் மனைவியிடம்.

"நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்களேன். எதுக்கு வயிறு எரியணும்?"

எரியத்தான் செய்தது. வந்து பாருங்கள் என்று டீச்சர் இரண்டு முறை கூப்பிட்டார். இவர்தான் வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிட்டார். ஒரே ஒரு ஓட்டைக் காருக்கு இத்தனை ஜோடனையா என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அங்கலாய்த்தார்.

கடைசியில் பொறுக்க முடியாமல், டீச்சருக்குத் தோட்டம் போட்ட அதே ஆளைப் போன் பண்ணி வரவழைத்தார்.

"எனக்கும் இதே மாதிரி வேணும். ஆனா இதைத் தூக்கிச் சாப்பிடணும்."

தோட்டக்காரர் சிமெண்ட் தரையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"உங்களுக்கு எதுக்கு சார் இது? உங்களுக்கு மேலதான் வீடே இல்லையே."

"அதுக்கும் தோட்டத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"

தோட்டக்காரர் மென்று விழுங்கினார். டீச்சர் யாரிடமும் சொல்லக்கூடாது என்றாராம். கடைக்காரர் விடுவதாக இல்லை.

"உங்க சிமெண்ட்ல விழுந்த மழைத்தண்ணி மொத்தமும் போன மழைக்கு அவங்க ஹாலுக்குள்ள பூந்துடுச்சு சார். உங்ககிட்ட சிமெண்ட் தரையை உடைக்கச் சொல்லுங்கன்னு நான்கூடச் சொன்னேன். 'பாவம், மனுஷன் ஆசை ஆசையாப் போட்டிருக்கார். அங்கேயிருந்து வர்ற தண்ணியைக் குடிச்சுக்கற மாதிரி எனக்கு ஒரு தோட்டம் போட்டுக் குடுத்துடுங்க'ன்னுட்டாங்க."